எண்ணிக்கை தவறவில்லை

குழந்தைகளை எண்ணும்போது விரலை நீட்டி எண்ணக் கூடாது. தலையைத் தொட்டு எண்ண வேண்டும். விரல் நீட்டினால் வாண்டுகள் இடம் மாறி உட்கார்ந்துவிடும். ஒன்று இரண்டு முறை கணக்கில் ஏறும், இன்னொன்று விட்டுப்போகும். உள்ளங்கை உச்சந்தலையில் பட்டால் எப்பேர்ப்பட்ட குரங்குக்குட்டியும் ஒரு நொடி அசையாமல் இருக்கும். அந்த ஒரு நொடி போதும். பாலர் பள்ளி வேனில் ஆயாவாகச் சேர்ந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் எண்ணுகிறேன். ஒரு பிள்ளையைக்கூட இதுவரை தவறவிட்டதில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சார், நேற்று நீங்கள் எனக்கு டீ வாங்கிக்கொடுத்துவிட்டு, “பதட்டத்துல எண்ணிக்கை தவறிப்போச்சு, அவ்வளவுதானேம்மா? மனுஷங்கன்னா தப்பு நடக்கறதுதான்” என்று சொன்னீர்கள். ஆறுதலாகத்தான் சொன்னீர்கள். எனக்கு அது மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. படகோட்டியை ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். காலையிலிருந்து தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. என் எண்ணிக்கையிலும் தப்பில்லை. அதை நேர்செய்துவிட்டால் எனக்கு நிம்மதி.

எங்கள் வீட்டில் மூன்று பேர்: நான், என் தம்பி, தம்பி மகள். தம்பி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவனுக்குத் தன் மூக்குக்கு நேரே நடப்பது தெரியாது. நல்லவன், ஆனால் வாயில்லாப் பூச்சி. அவன் முதல் மனைவி காய்ச்சலில் போனபோது குழந்தைக்குப் பல்கூட முளைக்கவில்லை. நான்தான் எடுத்து வளர்த்தேன். உருண்டையாக இருக்கும், தரையில் விட்டால் கைக்கு அகப்படாமல் ஓடும். அதனால் பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதுவே பெயராகிவிட்டது.

வளர்ப்பது என்றால் சோறு ஊட்டுவது மட்டுமில்லை. காப்பாற்ற வேண்டும். குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குள் ஒருவன் இருக்கிறான், பக்கத்தில் போனால் காலைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவான் என்று அவளுக்குச் சொல்லிவைத்தேன். அது அவள் தனியாகக் குளியலறைக்குப் போய் வழுக்கி விழாமல் இருப்பதற்காக. மொட்டை மாடித் தொட்டிக்குப் பின்னால் முகமில்லாத ஒருத்தி. அது மாடியேறாமல் இருப்பதற்காக. தெருமுனையில் ஒரு கிழவன், கட்டில் ஓரத்தில் ஒரு கை. எங்கெல்லாம் ஆபத்து இருக்கிறதோ அங்கெல்லாம் ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்தினேன். என் தம்பியையும் அப்படித்தான் வளர்த்தேன். கல்யாணம் ஆகிற வரைக்கும் இருட்டினால் மாடிக்குத் தனியாகப் போகமாட்டான். அவனுக்கு என்ன குறைந்துபோயிற்று?

பட்டாணி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். மெதுவாக விரலை உருவினால் கண்ணைத் திறக்காமலே, “அத்தை, போகாத” என்பாள். எட்டு வயது வரை அப்படித்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகுட்டி இல்லை, வேனில் வருகிற பிள்ளைகளெல்லாம் இறங்கியதும் அவரவர் அம்மாவிடம் ஓடிவிடும். என்னைப் போகாதே என்று சொன்ன ஆள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

பிறகு டீச்சர் வந்தாள்.

பட்டாணிக்கு இழுப்பு உண்டு. நீச்சல் கற்றுக்கொண்டால் மூச்சு சரியாகும் என்று டாக்டர் சொல்ல, தம்பி அவளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே கற்றுக்கொடுக்கிறவள்தான் டீச்சர். அகலமான தோள், குட்டை முடி, எப்போதும் குளத்துத் தண்ணீர் வாசனை. முதல் நாள் பட்டாணி படிக்கட்டைக் கட்டிக்கொண்டு அலறினாளாம். எனக்கு அதைக் கேட்டதும் மனசு குளிர்ந்தது. ஆனால் டீச்சர் அவசரப்படவில்லை. ஒரு மாதம் வெறுமனே படியில் உட்கார வைத்துக் காலை நனைக்க வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் முகம். மூன்றாம் மாதம் பட்டாணி குளத்தின் அந்தக் கரைக்கு நீந்திப்போனாள். அந்த வருஷ முடிவில் என் தம்பியும் கரையேறிவிட்டான். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

டீச்சர் கெட்டவள் என்று நான் சொல்லவே மாட்டேன். என்னை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். எனக்கு முட்டி வலி என்றால் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். பட்டாணியிடம், “என்னை அம்மான்னு கூப்பிடணும்னு ஒண்ணும் இல்லடா, டீச்சர்னே கூப்பிடு” என்று சொன்னவளும் அவள்தான். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று. அவளுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது.

ஒருநாள் சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பட்டாணி குளித்துவிட்டுத் தலை சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

“அத்தை, அந்த ஓட்டைக்குள்ள யாரும் இல்ல. நானும் டீச்சரும் கையை விட்டுப் பார்த்தோம். முடிதான் அடைச்சிருந்துச்சு. உன் முடி.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி அவள் தன் அறையில் தனியாகப் படுத்தாள், விளக்கையும் அணைக்கச் சொன்னாள். நான் கூடத்தில் படுத்துக்கொண்டு என் சுண்டுவிரலை நானே பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது தெரியுமா? இருட்டைக் கண்டு அல்ல. அவள் கூப்பிடாமலே விடிந்துவிடுமோ என்ற பயம். விடிந்துவிட்டது.

கோடை விடுமுறையில் மலை ஏரிகளைப் பார்க்கப் போவது என்பதும் டீச்சரின் யோசனைதான். மலைக்கு மேலே விடுதி. அங்கே தங்குகிறவர்களை ஒரு வேனில் ஏற்றி, ஒரு நாள் ஓர் ஏரி, மறுநாள் ஒரு மலையிடுக்கு என்று சுற்றிக்காட்டுவார்கள். எங்களோடு ஓய்வுபெற்ற தபால்காரரும் அவர் மனைவியும், புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, கல்லூரிப் பெண்கள் கொஞ்சம் பேர், இன்னும் இரண்டு குடும்பம். முதல் நாளே வழியில் டீக்கடையில் நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது நான் பழக்க தோஷத்தில் எல்லார் தலையையும் தொட்டு எண்ணினேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு தலை குறைந்தது. தபால்காரர் கழிவறையில் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு உள்ளேயே நின்றிருக்கிறார். அன்றிலிருந்து எனக்குக் கணக்கு அக்கா என்று பெயர். நான் சரி என்று சொல்லாமல் வேன் நகராது, படகு நகராது. பெரிய மனிதர்கள்கூட உச்சந்தலையைக் குனிந்து காட்டுவார்கள். தாங்களாகத் திரும்பிப் பார்த்து ஆள் இருக்கிறதா என்று தேடும் பழக்கமே அவர்களுக்கு விட்டுப்போயிற்று. நான் இருக்கிறேன் அல்லவா?

முதல் ஏரி பச்சையாக இருந்தது. கரையில் நின்று பார்த்தால் அடி தெரியவில்லை. டீச்சர் பாறை மேலிருந்து குதித்தாள். பட்டாணி அவள் பின்னாலேயே குதித்தாள். தண்ணீர் மூடிக்கொண்டது. நான் துண்டோடு கரையில் நின்றேன். கத்துவதற்குள் இரண்டு தலையும் மேலே வந்துவிட்டன.

“ஆழம் தெரியாம காலை விடாதேன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?” என்றேன்.

“தெரிஞ்சுதான்க்கா விடறோம். காலையிலேயே நான் இறங்கி அடி வரைக்கும் பார்த்துட்டேன். கல்லு எதுவும் இல்ல.”

“அக்காவுக்குக் குழாயில தண்ணி வேகமா வந்தாலே பயம்” என்று தம்பி சிரித்தான். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.”

எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குளிர்ந்த ஏரிகள், செங்குத்துப் பாறைகள், கயிற்றுப் பாலங்கள். ஒவ்வோர் இடத்திலும் பட்டாணி முன்னால் ஓடினாள். ஒரு தடவைகூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

மலையிடுக்குக்குப் போவதற்கு முதல் நாள் மத்தியானம், தம்பி பட்டாணியைக் கூட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனான். விடுதி வராந்தாவில் நானும் டீச்சரும் மட்டும். அவள் ஈர உடைகளைக் கொடியில் போட்டுக்கொண்டே பேசினாள்.

“அக்கா, உங்க பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன வீடு பார்த்திருக்கோம். இந்த முட்டியோட ரெண்டு பஸ் மாறிப் போய்ட்டு வர்றீங்க. அவரு சொல்லத் தயங்கறாரு, அதான் நான் சொல்றேன்.”

“பட்டாணி?”

“வாரத்துக்கு ஒருதரம் கூட்டிட்டு வர்றேன்.”

அவள் கடைசித் துணியையும் உதறிப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அவளோட பயமெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்க்கா. அவர்கிட்ட சொல்லல, சொல்லவும் மாட்டேன். நீங்க பாசத்துலதான் செஞ்சீங்க. ஆனா இனிமே வேண்டாம். குழந்தை மூச்சு விடட்டும்.”

அன்பாகத்தான் சொன்னாள். என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கொஞ்சம் பயம் தெரிந்திருந்தால் இப்படியெல்லாம் பேசியிருக்க மாட்டாள் என்று தோன்றியது. பயமே தெரியாதவள் கையில் ஒரு குழந்தையை எப்படிக் கொடுப்பது? நீங்களே சொல்லுங்கள். ஒரே ஒரு சாயங்காலம் அவள் உண்மையாகப் பயந்துவிட்டால் போதும், மீதி தானாகச் சரியாகிவிடும் என்று எனக்குப் பட்டது. இவ்வளவுதான் என் எண்ணம்.

மறுநாள் இரண்டு படகுகளில் ஏரியைக் கடந்தோம். அக்கரையில் மலை இரண்டாகப் பிளந்த மாதிரி ஓர் இடைவெளி. அதன் வாயில் ஒரு சின்ன மணல் திட்டு. படகை அங்கே கட்டிவிட்டுத் தண்ணீரிலேயே உள்ளே நடக்க வேண்டும். படகோட்டி எங்களை நிற்கவைத்து, பாறைச் சுவரைக் காட்டினார். என் தலைக்கு மேல் இன்னொரு ஆள் நின்றால் எட்டும் உயரத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பாசி, மேலே காய்ந்த பாறை.

“மேல இன்னொரு ஏரி இருக்கு. சாயங்காலம் மதகைத் திறப்பாங்க. திறக்கறதுக்கு முன்னாடி சங்கு ஊதும். ஊதினதும் அத்தனை பேரும் படகுல இருக்கணும். தண்ணி இதோ, இந்தக் கோடு வரைக்கும் வரும். வந்தா இந்த வாயில படகு நுழையாது, தெரிஞ்சுக்கங்க.”

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

நானும் கொஞ்ச தூரம் உள்ளே போனேன். மறைக்க வேண்டியதில்லை, என் வாழ்நாளில் அப்படி நான் பயந்ததில்லை. இரண்டு பக்கமும் சுவர் நெருங்கி வந்தது. மேலே வானம் நாடா அகலத்துக்குத் தெரிந்தது. முழங்கால் வரை தண்ணீர், எலும்பைக் கடிக்கிற குளிர். முன்னால் யாரோ சிரித்தால் சிரிப்பு என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பாறையைத் தொட்டால் வியர்த்த உடம்பைத் தொடுகிற மாதிரி இருந்தது. முதல் வளைவு வரைக்கும் போய்விட்டு, மூச்சு முட்டித் திரும்பி வந்துவிட்டேன். பட்டாணி டீச்சரோடு உள்ளே கடைசி வரை போனாள். அங்கே ஒரு குளம் இருக்கிறதாம், கோயில் கிணறு மாதிரி வட்டமாக. அதில் நீந்தினார்களாம்.

மணல் திட்டில் நான் எல்லார் பைகளுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தபால்காரருக்குக் கால் பிசகிவிட்டது. என் தம்பியும் புது மாப்பிள்ளையும் அவரைத் தாங்கிப்பிடித்து முதல் படகில் ஏற்றினார்கள். பட்டாணி நீச்சல் கண்ணாடியைக் கழற்றி என் பையில் போட்டாள். நான் அவளைத் துவட்டி, துண்டைப் போர்த்தி, இரண்டாவது படகில் பலகையில் உட்கார வைத்தேன். டீச்சர் சற்றுத் தள்ளி, கல்லூரிப் பெண்கள் செருப்பு மாட்டுவதற்கு உதவிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் போனேன்.

“பட்டாணி கண்ணாடியை உள்ள குளத்துக்கிட்டயே வெச்சுட்டாளாம். அழறா.”

“இதுக்கா அழறா? தோ, ஓடிட்டு வந்துடறேன்க்கா.”

ஓடினாள். தண்ணீர் தெறிக்கத் தெறிக்க, ஒரு தயக்கம் இல்லாமல், அந்த இருண்ட வாய்க்குள் ஓடினாள். நான் சொன்னதை ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

முதல் படகைத் தொட்டு எண்ணி அனுப்பிவிட்டேன். தம்பி படகிலிருந்து, “அவங்க ரெண்டு பேரும் உன்னோடதானேக்கா?” என்று கத்தினான். நான் கையை ஆட்டினேன். பிறகு சங்கு ஊதியது. மலை முழுக்க அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. படகோட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டே அவசரப்படுத்தினார். நான் ஏறி, தலைகளைத் தொட்டு எண்ணினேன். “கணக்கு சரியாம்மா?” என்றார். சரி என்றேன். படகு கிளம்பியது.

நான் நினைத்தது இதுதான். புறப்பட்ட கரைக்குத் திரும்பியதும் சொல்லிவிடுவது: ஐயோ, அவள் முதல் படகில் போய்விட்டாள் என்றல்லவா நினைத்தேன். உடனே ஆள் போவார்கள். அதற்குள் அவள் கொஞ்ச நேரம் தனியாக, அந்தச் சுவர்களுக்கு நடுவே, என்னைப் போல மூச்சு முட்டி நிற்பாள். தண்ணீர் வரும் என்கிறீர்கள். அவள் நீச்சல் டீச்சர், சார். தண்ணீர் அவளை என்ன செய்துவிடும்? வாய் வழியாக நீந்தி ஏரிக்கு வந்திருப்பாள். தனியாக இருந்திருந்தால் நிச்சயம் வந்திருப்பாள். இந்த மலையின் படகோட்டிகள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கரையில் தம்பி நின்றுகொண்டிருந்தான். படகில் இருக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

“அக்கா, ரெண்டு பேரும் எங்க?”

“உன்னோட வரலையா?”

அவன் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. படகோட்டி அந்த இடத்திலேயே படகைத் திருப்பினார். தம்பியும் ஏறிக்கொண்டான். நான் கரையில் நின்று பார்த்தேன். மலையிடுக்கின் வாயிலிருந்து தண்ணீர் பழுப்பாக, மரக்கிளைகளோடு கொட்டியது. சத்தம் ஏரியைத் தாண்டி இந்தப் பக்கம் வரைக்கும் வந்தது. படகு கிட்டே போனது, ஒதுக்கித் தள்ளப்பட்டது, மறுபடி போனது. தம்பி இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிக் கத்தினான். தபால்காரரின் மனைவி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை, சார். என்னைப் போல அன்றைக்கு அழுதவர்கள் யாரும் இல்லை.

மதகை மூடச் சொல்லி, தண்ணீர் வடிந்து, ஆட்கள் உள்ளே போவதற்குள் விடிந்துவிட்டது. மிச்சத்தை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். கோட்டுக்கு மேலே பாறையில் ஒரு வெடிப்பு. ஒரு குழந்தை ஒடுங்கி உட்காரலாம், பெரியவர்கள் நுழைய முடியாது. டீச்சர் பட்டாணியைத் தோளில் ஏற்றி அதற்குள் தள்ளிவிட்டிருக்கிறாள். பிறகு கீழே தண்ணீரில் பாறையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் குழந்தையின் காலைப் பிடித்தபடியே பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கிறேன், காலை ஆட்டு, ஆட்டிக்கொண்டே இரு. நடுவில் அந்தக் கை விட்டுப்போயிருக்கிறது. டீச்சரை மறுநாள் ஏரிக்கரை நாணலில் எடுத்தார்கள். பட்டாணி வெடிப்புக்குள்ளேயே, காலை ஆட்டிக்கொண்டே இருந்தாளாம்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன்.

பட்டாணி படகிலிருந்து நழுவி இறங்கியதை நான் கவனிக்கவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அதைத்தான் பிழை என்கிறீர்கள். டீச்சர் உள்ளே ஓடியதும் பட்டாணி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“அத்தை, கண்ணாடி உன் பையிலதானே இருக்கு? டீச்சர் எதைத் தேடப் போறாங்க?”

“சும்மா உட்காரு.”

“இல்ல அத்தை, சங்கு ஊதிடும். நான் போய்ச் சொல்றேன்.”

துண்டை உதறிவிட்டு இறங்கி ஓடினாள். நான் பார்த்தேன். பிடிக்கலாம், கூப்பிடலாம், படகோட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். நான் அப்போது வேறொன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அந்த முதல் வளைவு இருக்கிறதே, நான் மூச்சு முட்டித் திரும்பிய இடம், அங்கே அவள் நிற்பாள் என்று நினைத்தேன். இருட்டைப் பார்ப்பாள், சுவரைப் பார்ப்பாள், பயந்து திரும்பி அத்தை என்று அலறுவாள். நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்வேன். முட்டி வலி எல்லாம் அப்போது தெரியாது. பாய்ந்து ஓடக் காலைத் தயாராகக்கூட வைத்திருந்தேன்.

அவள் வளைவில் நிற்கவில்லை.

சங்கு ஊதி ஓய்ந்தது. படகோட்டி இன்னும் மோட்டாரைக் கிளப்பவில்லை. அந்த இடைவெளியில் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. படகில் இருந்தவர்கள் அரட்டையில் கவனிக்கவில்லை, பாறையில் மோதி மோதி வந்ததால் எனக்குத் தெளிவாகவே கேட்டது. “அம்மா! அம்மா, கண்ணாடி பையில இருக்கு, வந்துடுங்க!” டீச்சர் என்று கூப்பிடவில்லை. அதுவரைக்கும் அவள் யாரையும் அந்தச் சொல்லால் கூப்பிட்டதில்லை. என்னையும்தான்.

அப்புறம்தான் நான் எண்ணினேன். ஒவ்வொரு தலையாக, உள்ளங்கை உச்சந்தலையில் படும்படி, நிதானமாக. பத்துத் தலை இருக்க வேண்டும். எட்டு இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த பலகையில் துண்டு மட்டும் கிடந்தது, அதையும் தொட்டுப் பார்த்தேன். “கணக்கு சரியாம்மா?” என்று படகோட்டி கேட்டபோது இரண்டு குறைகிறது என்பது எனக்குத் தெரியும். சரி, எடுங்கள் என்றேன். அவரைப் போகச் சொல்லுங்கள், பாவம், பிள்ளைகுட்டிக்காரர்.

நீங்கள் என்னை இப்படிப் பார்க்க வேண்டாம், சார். அவள் என்னைக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். ஒரே ஒரு முறை கூப்பிட்டிருந்தால் போதும். குழந்தைதானே, தெரியாமல் செய்துவிட்டாள். அதற்காக அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அப்போதே மன்னித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னதாக ஒன்று சொன்னீர்கள். அத்தை பார்க்க வருகிறாள் என்று சொன்னதும் பட்டாணி கட்டிலிலிருந்து இறங்கி அடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள், உடம்பெல்லாம் உதறியது, உடையை நனைத்துக்கொண்டாள், அப்பா கூப்பிட்டும் வெளியே வரவில்லை என்று. இதை நீங்கள் ஏதோ எனக்கு எதிரான சாட்சி மாதிரி சொன்னீர்கள். உங்களுக்கு அவளைத் தெரியாது. நான் வளர்த்த குழந்தை பழையபடி ஆகிவிட்டாள், அவ்வளவுதான். தரை குளிரும், அவளுக்கு இழுப்பு வந்துவிடும், சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள். யார் கெஞ்சினாலும் வரமாட்டாள், நான் கூப்பிட்டால் வருவாள். வேண்டுமானால் கதவு வரைக்கும் ஒரு போலீஸ்காரர் என்னோடு வரட்டும். உள்ளே நான் மட்டும் போகிறேன்.